தள்ளுவண்டியில் தூங்குகிறவள்

இந்த வேலியை நட்டவன் நான்தான்.
பதினோரு வருடம் முன்பு, மார்ச்சில், மழைக்கு மறுநாள்
ஐவாலிக் நகராட்சியின் நீல லாரியில் வந்திறங்கின
இருநூற்றுப் பத்து அரளிக் கன்றுகள்.
"தண்ணீர் கேட்காது, ஆடு வாய் வைக்காது,
கடற்காற்று முகத்தில் உப்பை அள்ளிக் கொட்டினாலும் பூக்கும்"
என்றார் மேற்பார்வையாளர்.
ஆடு ஏன் வாய் வைக்காதென்று நான் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.
இருவருக்குமே தெரியும்.

யாரிடமும் எதுவும் கேட்காத செடியிடம்
கொஞ்சம் எச்சரிக்கையாகத்தான் இருக்க வேண்டும்.

ஜூலையில் எங்கள் தெருவில்
நிழல் என்று ஒன்று உண்டென்றால் அது அந்த வேலிக்கடியில்தான்.
தையற்கடை தாஹ்சின்
தயிர் டப்பாக்களைப் பாதியாக வெட்டி
அங்கே வரிசையாகத் தண்ணீர் வைத்தார்.
மருந்துக்கடை நெர்மின் மாலையில் மீன்தலை கொண்டுவருவாள்.
வந்தன: ஒற்றைக்காது, கப்பல்காரன்,
தபால் நிலையத்து மூன்று சகோதரிகள்,
உப்பைப் போல் வெளுத்தவள், பெயரும் அதுதான், துஸ்.
பூ உதிரும். டப்பாவில் மிதக்கும்.
விடுமுறைக்கு வந்தவர்கள் மண்டியிட்டுப் படம் எடுத்தார்கள்:
தண்ணீர், இளஞ்சிவப்பு இதழ், குனிந்து நக்கும் சிறு நாக்கு.

அழகாகத்தான் இருந்தது.
அதை இல்லையென்று சொல்ல மாட்டேன்.

வியாழக்கிழமை மதியம்
துஸ் வாயில் நுரை ஒழுகக் கிடந்தாள்.
தாஹ்சின் தன் அளவெடுத்த கோட்டுத் துணியிலேயே சுற்றித் தூக்கினார்,
யாருடைய கோட்டென்று பார்க்கவில்லை.
மருத்துவர் பெர்ரின் வெகுநேரம் காதுக்குழாயை எடுக்கவில்லை.
"இலை தின்றாளா?"
"இல்லை. தண்ணீர்தான் குடித்தாள்."
"எந்தத் தண்ணீர்?"

பிறகு குழாயை எங்கள் காதில் வைத்தாள், முறை போட்டு.
ஓடியது. நின்றது.
என்னவோ யோசித்தது. மறுபடி ஓடியது.
"நூல் சிக்கின மிஷின்" என்றார் தாஹ்சின்.
டப்பா வைத்தது அவர். செடி வைத்தது நான்.
இரண்டு பெரிய ஆண்கள் அந்தச் சின்ன அறையில்
அவரவர் கையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மனு எழுதினேன்.
வேலி தூசியைத் தடுக்கிறது என்று பதில் வந்தது,
அடுத்த நிதியாண்டில் பரிசீலிக்கலாம் என்றும்.
டப்பாக்களை எதிர்ச்சாரிக்கு மாற்றினேன்.
நிழல் இல்லாத தண்ணீரை
ஒற்றைக்காது முகர்ந்தான், என்னைப் பார்த்தான்,
திரும்பி அரளிக்கடியிலேயே போய்ப் படுத்தான்.
பூனைக்கு நீ எச்சரிக்கைப் பலகை எழுதலாம்,
அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

ஆகவே நிழலை நகர்த்த வேண்டியிருந்தது.
மூனிரின் கிழிந்த பாய்மரம், நான்கு ஆலிவ் கழிகள்,
ஓரத்துக்குத் தாஹ்சின் போட்ட இரட்டைத் தையல்.
விடியுமுன் கையுறை மாட்டிக்கொண்டு
உதிர்ந்ததைப் பெருக்குகிறேன், பூ, சருகு, எல்லாம்.
"வடிவம் திருத்துகிறேன்" என்று பதிவேட்டில் எழுதிவிட்டு
வேலியின் மேற்கு முனையை
நாளுக்கு ஒரு சாண் குறைக்கிறேன்.
வெட்டினால் பால் வடியும்.
வெட்டியதை எரிக்கவும் கூடாது, புகையும் ஆகாது.
வண்டி வண்டியாக மூடிக் கொண்டுபோய்ப் புதைக்கிறேன்.
பதினேழு கன்று போயிற்று.
மேற்பார்வையாளர் எண்ணுகிறவர் அல்ல.

துஸ் பிழைத்தாள்.
நான்காம் நாள் பெர்ரினின் மணிக்கட்டைக் கடித்தாள்,
அதை நல்ல செய்தியாகவே எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

பாய்மர நிழலில் மற்றவர்கள் படுக்கிறார்கள். அவள் மட்டும் இல்லை.
அவளுக்குப் பிடித்த இடம் என் தள்ளுவண்டி,
பகலெல்லாம் அரளி சுமந்த அதே இரும்புத் தொட்டி.
விரட்டிப் பார்த்தேன். பலகை போட்டு மூடிப் பார்த்தேன்.
இப்போது வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுகிறேன்,
மூன்று தடவை, விளிம்பின் அடிப்பக்கம் வரை.
மூன்றாவது தண்ணீரையும்
மண்ணில் விடாமல் சாக்கடையில்தான் ஊற்றுகிறேன்.
நடைபாதை ஓரத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள்,
வால் பாதத்தைச் சுற்றியிருக்க,
இவ்வளவு நேரமா என்கிற முகத்தோடு,
இரும்பு எப்போது காயும் என்று.